அறிஞர் எரன்பெர்க்: துளி மண்ணில் துருவக்கடலைக் கண்டவர்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களைச் சுவடிகளிலிருந்து படியெடுத்தோர் இருவகையினர். ஏட்டில் கண்டதைக் கண்டவாறே எழுதியோர் ஒரு வகையினர். புரியாத இடங்களில் தம் கருத்துக்கு ஏற்பச் சொற்களை மாற்றி எழுதியோர் மற்றொரு வகையினர். முதல் வகையினர் பொருள் அறியாமலே எழுதியிருப்பினும் அவர்தம் படிகள் இன்றும் பதிப்பாசிரியர்க்குத் துணை நிற்கின்றன. இரண்டாம் வகையினர் அறிவிற் சிறந்தவராயினும் அவர்கள் சிதைத்த மூலத்தை மீட்பது அரிதாகிவிடுகின்றது. உரை பிழைத்தால் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம்; மூலம் பிழைத்தால் திருத்துவதற்கு வழியேது?

தமிழ் பயில்வோர் நன்கறிந்த இவ்வுண்மை அறிவியல் துறைக்கும் பொருந்தும். அதற்குச் சான்றாக விளங்கும் ஒருவரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம். அவர் தென்துருவத்தையோ வடதுருவத்தையோ ஒருமுறையேனும் நேரில் கண்டவரல்லர். ஆயினும் பெர்லின் நகரில் தம் அறையில் அமர்ந்தவாறே, பிறர் அனுப்பிய துளி மண்ணில் துருவக்கடல்களின் உயிர் வாழ்க்கையைக் கண்டவர். நுண்புதைபடிவ ஆய்வு என்னும் துறைக்கு அடித்தளமிட்டவராக உலகம் போற்றும் கிறித்தியான் கோட்பிரீட் எரன்பெர்க் அவரே ஆவார்.

பிறப்பும் கல்வியும்

எரன்பெர்க் 1795ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், செர்மனி நாட்டில் லைப்சிக் நகருக்கு அண்மையிலுள்ள டெலிட்ஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூரில் நீதிபதியாக விளங்கியவர். மகன் சமயக்கல்வி பெற்றுச் சமயப்பணி ஆற்றவேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பமாக இருந்தது. அவ்வாறே 1815இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலத் தொடங்கினார். ஆனால் அவர் உள்ளம் இயற்கையை நாடியது. மருத்துவத்திற்கு மாறி, 1817இல் பெர்லின் சென்று, 1818இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவர் பட்டத்திற்கு எழுதிய ஆய்வேடு நோய்களைப் பற்றியதன்று. பெர்லின் சுற்றுப்புறத்துக் காளான்களைப் பற்றியது ஆகும். பிறர் காலால் மிதித்துக் கடந்து செல்லும் பொருளைக் குனிந்து நோக்கும் இயல்பு இளமையிலேயே அவரிடம் அமைந்திருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும். மாணவப் பருவத்தில் அவருக்கு வில்லெம் ஹெம்பிரிக் என்னும் நண்பர் வாய்த்தார். இருவரும் ஒத்த வயதினர், ஒத்த ஆர்வத்தினர்.

செங்கடற்கரையில்

1820ஆம் ஆண்டு நண்பர் இருவரும் பிரஷ்ய அரசின் ஆதரவுடன் எகிப்து நோக்கிப் புறப்பட்ட ஓர் ஆய்வுக்குழுவில் இடம்பெற்றனர். அலெக்சாந்திரியாவிலிருந்து மேற்கே லிபியப் பாலைவனம், பின்னர் நைல் ஆற்றங்கரை வழியே தெற்கே டோங்கோலா, அதன்பின் சீனாய்த் தீபகற்பம், லெபனான் மலைகள், செங்கடலின் இரு கரைகள் என அப்பயணம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. நம் மக்கள் ஹஜ்ஜுக் கடமைக்குச் செல்லும் வழியில் பெயரளவில் அறிந்திருக்கும் ஜித்தா துறைமுகத்திலும் அவர்களின் காலடி பட்டது.

அப்பயணம் இன்பச் சுற்றுலாவன்று. வெயிலும் காய்ச்சலும் குழுவினரை ஒவ்வொருவராகப் பலி கொண்டன. 1825ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மசாவா என்னுமிடத்தில் ஹெம்பிரிக்கும் காய்ச்சலால் உயிர் நீத்தார். உடன் சென்ற தோழரை மண்ணில் வைத்துவிட்டு எரன்பெர்க் தாயகம் திரும்பினார். அவர்கள் திரட்டியவை பல்லாயிரக்கணக்கான தாவர, விலங்கு மாதிரிகளாகும்.

இங்கு நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அம்மாதிரிகளைப் பற்றி எரன்பெர்க் வெளியிட்ட பெருநூலில் நண்பரின் பெயரை விட்டுவிடவில்லை. ஹெம்பிரிக், எரன்பெர்க் என இருவர் பெயரும் சேர்ந்தே வருமாறு செய்தார். இறந்தவர் பெயர் முன்னும் இருப்பவர் பெயர் பின்னும் நின்றன. செங்கடற் பகுதியின் மீன்கள், பறவைகள் பலவற்றின் அறிவியற் பெயர்களுக்குப் பின்னால் அவ்விருவர் பெயரும் இன்றளவும் இணைந்தே எழுதப்படுகின்றன. உண்மையை உள்ளவாறு பதிவு செய்யும் நேர்மை அவருக்கு ஆய்வில் மட்டுமன்று, நட்பிலும் இருந்தது.

அப்பயணத்திலேயே அவருடைய பிற்காலப் பணிக்கு வித்திட்ட நிகழ்ச்சியும் நடந்தது. 1823ஆம் ஆண்டு திசம்பரில் சீனாய்க் கரையிலுள்ள தூர் என்னும் துறையில் கடல்நீர் செந்நிறமாகத் தோன்றியது. அந்நீரை முகந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, மெல்லிய இழைக்கற்றைகளாக மிதந்த ஒரு நுண்ணுயிரே அந்நிறத்திற்குக் காரணம் எனக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத உயிர் ஒரு கடலின் நிறத்தையே மாற்றவல்லது என்னும் எண்ணம் அன்று அவர் நெஞ்சில் பதிந்தது எனலாம். 1829இல் புகழ்பெற்ற ஹம்போல்ட்டுடன் உரால் மலையையும் சைபீரியாவையும் கடந்து சீன எல்லை வரை சென்று திரும்பினார். அதன்பின் நெடும்பயணங்களை விடுத்தார். நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

கல்லும் உயிரே

1836ஆம் ஆண்டு கார்ல்ஸ்பாத் நகருக்கு அருகில் பீங்கான் தொழிற்சாலை நடத்திவந்த பிஷர் என்பவர், அப்பகுதியில் கிடைக்கும் வெண்ணிற மண்ணைச் சிறிதளவு எரன்பெர்க்குக்கு அனுப்பினார். பார்வைக்கு மாவு போன்றிருந்த அம்மண், நுண்ணோக்கியில் எண்ணற்ற சிற்றோடுகளாகக் காட்சியளித்தது. அவை டயாட்டம் எனப்படும் ஒற்றைச்செல் பாசிகளின் ஓடுகள். சிலிக்கா என்னும் கண்ணாடிப் பொருளால் தமக்குக் கூடு கட்டிக்கொள்ளும் இவ்வுயிர்கள் மடிந்தபின் கூடுகள் நீரின் அடியில் படிகின்றன. காலப்போக்கில் இறுகிப் பாறையாகின்றன. பிலின் என்னும் இடத்தில் கிடைத்த மெருகுக்கல்லை ஆராய்ந்து, அதன் ஒரு கன அங்குலத்தில் ஏறத்தாழ 4100 கோடி ஓடுகள் அடங்கியிருப்பதாக அவர் கணக்கிட்டபோது அறிஞர் உலகம் வியந்தது.

அடுத்துச் சீமைச்சுண்ணாம்புப் பாறையை ஆராய்ந்தார். அது ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் நிறைந்ததெனக் காட்டினார். தீக்கல்லைச் சீவி நோக்கி, அதனுள்ளும் நுண்ணுயிர் எச்சங்களைக் கண்டார். மலையென நாம் காண்பவற்றுள் சில, வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் குவியலே என்பது இவ்வாறு நிலைபெற்றது. 1854இல் வெளிவந்த நுண்நிலவியல் என்னும் பொருள்படும் அவருடைய பெருநூல் இத்துறையின் முதற்பெரு நூலாகப் போற்றப்படுகின்றது.

அவர் வேலை செய்த முறை எளியது. மண்ணைச் சிறிதளவு எடுத்து அபிரகத் தகட்டில் பரப்பி, கனடாப் பிசினால் ஒட்டி, ஏறத்தாழ 300 மடங்கு பெருக்கி நோக்குவார். கண்டதைத் தம் கையாலேயே வரைவார். எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது, எந்த ஆழத்தில் எடுத்தது என்பவற்றை உடன் குறித்துவைப்பார். மனைவியை இழந்த பின்னரும் பணி நிற்கவில்லை. முதுமையில் மகள் கிளாரா உடனிருந்து குறிப்புகளையும் சேகரிப்பையும் ஒழுங்குபடுத்த உதவினார்.

துருவத்திலிருந்து வந்த பொட்டலங்கள்

அவருடைய புகழ் பரவப் பரவ, உலகின் பல திசைகளிலிருந்தும் சிறு பொட்டலங்கள் பெர்லினுக்கு வரலாயின. சார்லஸ் டார்வின் அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மீது விழுந்த தூசியை ஐந்து சிறு பொட்டலங்களாக அனுப்பினார். அவற்றில் 67 வகை உயிர் வடிவங்களை எரன்பெர்க் இனங்கண்டார்.

இவற்றினும் சிறந்தவை தென்துருவத்திலிருந்து வந்தவை. 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் எரிபஸ், டெரர் என்னும் இரு பாய்மரக் கப்பல்கள் அண்டார்க்டிக் கடலில் பயணம் செய்தன. எரிபஸ் கப்பலில் உதவி மருத்துவராகச் சென்ற ஜோசப் ஹூக்கர் புறப்பட்டபோது 22 வயது இளைஞர். வானளாவி நின்ற பனிச்சுவரின் அருகில் கடற்பனி பழுப்பேறியிருந்ததை அவர் கண்டார். அப்பனியை உருக்கிய நீரையும் கடலடி மண்ணையும் சேகரித்துக் கொணர்ந்தார். அவை எரன்பெர்க்கிடம் வந்து சேர்ந்தன.

கடுங்குளிர் நிலவும் அந்நிலப்பகுதியில் மரமில்லை, புல்லுமில்லை. ஆதலின் கடலும் உயிர் வளமற்றதாகவே இருக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் எரன்பெர்க் கண்டது வேறு. பனியின் பழுப்பு நிறமே டயாட்டங்களின் நிறம். கடலடி மண்ணும் அவற்றின் ஓடுகளால் நிறைந்திருந்தது. 1844இல் பெர்லின் கழகத்தில் இதனை அறிக்கையாக வெளியிட்டார். விண்மீன் போன்ற கோலமுடைய டயாட்டம் இனங்கள் சிலவற்றிற்கு ஹூக்கர், ராஸ் ஆகியோர் பெயர்களைச் சூட்டினார். மேலே மிதப்பவையே கீழே படிந்திருக்கின்றன என்னும் இச்செய்தி மிக இன்றியமையாதது. மேற்பரப்பின் நிலைமை அடிமண்ணில் எழுதப்படுகின்றது. அடிமண்ணைப் படித்தால் மேற்பரப்பின் பழைய நிலைமையை அறியலாம்.

1861ஆம் ஆண்டில் வடக்கிலிருந்தும் மண் வந்தது. கிரீன்லாந்துக்கு மேற்கேயுள்ள டேவிஸ் நீரிணையின் வாயிலிலும் ஐஸ்லாந்தை அடுத்தும் ஆழ்கடலில் எடுக்கப்பட்ட மண் அது. அதில் தடித்த ஓடுடைய ஒரு ஃபொராமினிஃபெராவைக் கண்டார். தடித்தோல் என்னும் பொருள்பட அதற்குப் பாக்கிடெர்மா எனப் பெயரிட்டார். அது இடப்பக்கமாகச் சுருண்டிருந்ததை விடாது நோக்கி, இடச்சுருள் என்னும் பொருளுடைய பேரினத்தில் அதனைச் சேர்த்தார். அச்சுருளுக்கு ஒரு பொருள் உண்டு என்பதை அன்று அவரும் அறியார், பிறரும் அறியார்.

பிழையும் திருத்தமும்

எரன்பெர்க் பிழையே செய்யாதவர் என நாம் கூறவரவில்லை. அவர் செய்த பிழைகள் பெரியவை. 1838இல் 64 ஓவியத் தகடுகளுடன் அவர் வெளியிட்ட நூலில், நுண்ணுயிர்கள் யாவும் வயிறு, குடல் முதலிய உறுப்புகள் நிறைந்த முழுமையான விலங்குகளே என நிறுவ முயன்றார். பிரான்சு நாட்டு அறிஞர் துழார்தேன் இதனை மறுத்தார். பின்வந்த ஆய்வுகள் யாவும் துழார்தேன் பக்கமே நின்றன. எரன்பெர்க் தம் கொள்கையை இறுதிவரை கைவிடவில்லை. டயாட்டங்களையும் விலங்குகள் என்றே கொண்டார். சீமைச்சுண்ணாம்பில் தாம் கண்ட நுண்ணிய வட்டத்தகடுகள் உயிரற்ற படிகங்கள் என்றார். அவை பாசிகளின் செதில்கள் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆழ்கடல் மண்ணில் கண்ட ஃபொராமினிஃபெராக்கள் அவ்வாழத்திலேயே வாழ்பவை என்று கருதினார். அவற்றுட் பல மேல்நீரில் மிதந்து வாழ்ந்து, மடிந்தபின் கீழிறங்குபவை என்று பிற்காலத்தார் கண்டனர்.

தம் கொள்கை தம் கண்முன்னே சரிவதைக் காண்பது எந்த அறிஞர்க்கும் துன்பமே. முதுமையில் அவர் அத்துன்பத்தை அடைந்தார். ஆனால் அவர் வரைந்த ஓவியங்கள் சரியவில்லை. உயிரற்ற படிகம் என்று தாம் கருதிய வட்டத்தகட்டையும் அதன் வடிவம் மாறாமல் வரைந்துவைத்தார். தமக்குப் பயனில்லை என்று விலக்கவில்லை. தம் கொள்கைக்கு ஏற்பத் திருத்தவுமில்லை. ஆதலால் அவருடைய உரையை மறுத்தவர்களும் அவர் காத்துத்தந்த மூலத்தையே கையில் வைத்துக்கொண்டு மறுத்தனர்.

நுண்ணோக்கியை முதன்முதலில் உயிராய்வுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரான லீவன்ஹூக்கின் பெயரால் நெதர்லாந்துக் கழகம் ஏற்படுத்திய பதக்கத்தை 1875இல் முதன்முதலாகப் பெற்றவர் எரன்பெர்க்கே ஆவார். அடுத்த ஆண்டு, 1876 சூன் 27ஆம் நாள், தம் 81ஆம் வயதில் பெர்லினில் மறைந்தார். ஏறத்தாழ 40,000 நுண்ணோக்கித் தயாரிப்புகளும் 5,000 மண் மாதிரிகளும் 3,000 ஓவியங்களும் அடங்கிய அவருடைய சேகரிப்பு பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

அவர் விதைத்தது விளைந்தது

எரன்பெர்க் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவர் குறித்துவைத்த இடச்சுருளுக்குப் பொருள் விளங்கியது. சங்கில் இடம்புரி, வலம்புரி என இருவகை உண்டென்பதை நாம் அறிவோம். அதுபோன்றே இச்சிற்றோடுகளும் இரு திசைகளில் சுருள்கின்றன. துருவத்தை ஒட்டிய மிகக் குளிர்ந்த நீரில் இடச்சுருளே மிகுதி என்பதையும், வெம்மை கூடிய நீரில் வலச்சுருள் மிகுகின்றது என்பதையும் 1959இல் எரிக்சன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். பிற்கால மரபணு ஆய்வுகள் இவ்விரண்டும் வெவ்வேறு இனங்களே என நிறுவின. கடலடியில் குழாயை இறக்கி மண்ணடுக்கைக் குலையாமல் எடுத்தால், மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது. எந்த அடுக்கில் இடச்சுருள் மிகுந்துள்ளதோ அக்காலத்தில் துருவநீர் அவ்விடம் வரை பரவியிருந்தது என்று கூறலாம்.

1988இல் ஹைன்ரிக் என்னும் செர்மானியர் வட அட்லாண்டிக்கின் அடிமண்ணில் சில அடுக்குகளைச் சுட்டிக்காட்டினார். அவற்றில் ஓடுகள் குறைந்தும் கற்பொடிகள் மிகுந்தும் இருந்தன. எஞ்சியிருந்த ஓடுகளுள்ளும் இடச்சுருளே மிகுதி. மிதக்கும் பனிமலைகள் கூட்டங்கூட்டமாக வந்து உருகி, சுமந்துவந்த கற்களைக் கடலில் உதிர்த்த காலங்களின் சுவடே அவ்வடுக்குகள்.

வடதுருவத்தின் அருகே லொமனோசோவ் முகட்டில் 2004ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்குழு கடற்றரைக்குக் கீழே 428 மீட்டர் ஆழம் வரை துளையிட்டது. ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கில் வெப்பக்கடலில் வாழும் நுண்ணுயிரின் எச்சங்கள் கிடைத்தன. அதே வகுப்பைச் சார்ந்த எச்சங்களையே எரன்பெர்க் தீக்கல்லினுள் கண்டிருந்தார். ஏறத்தாழ 4.9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மற்றோர் அடுக்கில் அசோலாவின் வித்துகள் நிறைந்திருந்தன. நம் நெல்வயல்களில் உரத்திற்காக வளர்க்கும் அச்சிறு நீர்ச்செடியின் இனம், ஒருகாலத்தில் வடதுருவக் கடலின்மேல் பரவிக்கிடந்தது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

இனித் தென்துருவத்திற்கு வருவோம். ஹூக்கர் பழுப்புப் பனியைச் சேகரித்தபோது எதிரே நின்ற பனிச்சுவர், இன்று ராஸ் பனித்தட்டு என வழங்கும் பெரும் மிதவைப் பனியின் விளிம்பாகும். அதன் ஒரு மூலையில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் பனியைத் துளைத்து, அதன் கீழுள்ள கடலையும் கடந்து, கடற்றரைக்குக் கீழே 1285 மீட்டர் நீளத்திற்குப் பாறையை வெட்டியெடுத்தனர். அப்பாறை இருவகை அடுக்குகள் மாறி மாறி அமைந்ததாக இருந்தது. ஒன்று, பனியாறு அரைத்துத் தள்ளிய கல்லும் களியும் கலந்த அடுக்கு. பனி கடற்றரையில் ஊன்றி நின்ற காலத்தது. மற்றொன்று, டயாட்டம் ஓடுகளாலான அடுக்கு. கதிரொளி படும் திறந்த கடல் அங்கிருந்த காலத்தது. ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை, சுமார் 40,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் முறையில் பனி முன்னேறியும் பின்வாங்கியும் வந்துள்ளது என 2009இல் அறிவித்தனர்.

இச்செய்தி துருவத்தோடு நின்றுவிடுவதன்று. மேற்கு அண்டார்க்டிக் பனி ஒருமுறை அழிந்தால் மீளாதது என்றோ, என்றும் அழியாதது என்றோ எண்ணற்கில்லை. உலகம் சிறிது வெம்மையுற்ற காலங்களில் அது குலைந்திருக்கின்றது. நிலத்தின்மேல் அமர்ந்த பனி கடலில் கலந்தால் கடல்மட்டம் உயரும். அவ்வுயர்வு எல்லாக் கரைகளையும் வந்து தொடும். உலகம் மீண்டும் வெம்மையுற்றுவரும் இந்நாளில், முன்னர் என்ன நிகழ்ந்தது என்பதைக் கூறும் சாட்சிகள் அச்சிற்றோடுகளே. அச்சாட்சிகளின் மொழியை முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தவர், அப்பனிச்சுவரை ஒருநாளும் காணாத எரன்பெர்க்.

முடிவுரை

இவ்வாழ்க்கையிலிருந்து நம் மாணவர்கள் பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஆய்வேடுகளை நெறிப்படுத்தும் ஆசிரியர் என்னும் முறையில் நாம் ஒரு குறையைப் பலகாலும் கண்டு வருகின்றோம். முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஒத்துவரும் சான்றுகளை மட்டும் தொகுத்து, ஒவ்வாதவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். கள ஆய்வில் ஒரு முதியவர் சொன்ன சொல் நூலில் உள்ள சொல்லோடு மாறுபட்டால், முதியவர் சொல்லையே திருத்தி எழுதிவிடுகின்றனர். உண்மையைக் கூறவேண்டுமாயின், இளமையில் நாமும் அவ்வாறு ஓரிடத்தில் செய்திருக்கின்றோம். நாம் திருத்திய அச்சொல்லைச் சொன்ன முதியவர் இன்று இல்லை. அதன் உண்மை வடிவத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது?

கொள்கை மாறும், உரை மாறும், இன்று நாம் உறுதியெனக் கருதுவதை நாளை நம் மாணவரே மறுக்கக்கூடும். அதில் இழிவொன்றுமில்லை. ஆனால் கண்டதைக் கண்டவாறு குறிக்காமல் விட்டால், நம்மை மறுத்து முன்னேறும் வாய்ப்பையும் பின்வருவோரிடமிருந்து பறித்தவராவோம். தம் கொள்கைகள் பல வீழ்ந்தும் எரன்பெர்க் வீழாமல் நிற்பது, பார்த்ததை மாற்றாமல் வைத்துச்சென்ற நேர்மையினால் ஆகும். பயன் இன்னதென்று தமக்கே தெரியாத ஓர் இடச்சுருளை அவர் கருத்தோடு குறித்துவைத்தார். பின்னர் அது வடகடல்களின் குளிர்காலக் கதையைத் திறக்கும் திறவுகோலாயிற்று. நம் மாணவர்களும் தம் குறிப்பேடுகளில் அத்தகைய நேர்மையைக் கைக்கொள்வார்களாக.